அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் ஒரு கதைப் புத்தகம்



கொஞ்சம் நீளமான பதிவு. மஃரிபுக்குப் பிறகு தேத்தண்ணியோடு ஆறுதலாக வாசியுங்கள். கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கத்துப் பெற்றோர் சிலர் எங்களைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். "பிள்ளைகளுக்கு சூனியக் கதை சொல்லிக் கொடுக்கிற டீச்சர்மார்" என்று வட்ஸ்அப்பில் சுற்றிய குரல் பதிவு உங்களுக்கும் வந்திருக்கும். அந்த டீச்சர்மார் நாங்கள்தான். தமிழ் எடுப்பவரும் விஞ்ஞானம் எடுப்பவருமாக இரண்டு பேர். அதனால்தான் இதில் "நாங்கள்" என்று எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். தரம் 6 வகுப்பின் வாசிப்பு மூலைக்கு ஒரு பிள்ளையின் சாச்சா வெளிநாட்டிலிருந்து வரும்போது ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகம் கொண்டு வந்து கொடுத்தார். பெயர் "இம்பொசிபிள் கிரியேச்சர்ஸ்". இருக்கவே முடியாத உயிரினங்கள் என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் கெத்தரின் ரண்டல் என்ற ஆங்கிலேய எழுத்தாளர். 2023 இல் வெளிவந்து, அந்த வருடமே பிரித்தானியாவின் பெரிய புத்தகக் கடைத் தொடரான வோட்டர்ஸ்டோன்ஸின் ஆண்டின் சிறந்த புத்தகமாகத் தெரிவானது. எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அதைத் தாமாக வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலம் போதாது. ஆகவே கிழமைக்கு ஒரு பாடவேளை, நாங்களே வாசித்து வைத்துக்கொண்டு, தமிழில் வாய்வழியாகச் சொல்லத் தொடங்கினோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம், குரல் பதிவை மட்டும் கேட்டவர்களுக்காக. கிறிஸ்டோபர் என்று ஒரு பையன். எங்கே போனாலும் பூனை, அணில், பறவை எல்லாம் அவனைத் தேடி வரும். தாய் இல்லாதவன். ஸ்கொட்லாந்தில் இருக்கும் தாத்தா வீட்டுக்குப் போகிறான். அந்த மலையில் ஒரு சின்னக் குளம். அதுதான் மனிதர் கண்ணுக்கு மறைந்த ஒரு தீவுக்கூட்டத்துக்கு வாசல். உலகத்துப் பழங்கதைகளில் வரும் விலங்குகள் எல்லாம் அங்கேதான் உயிரோடு இருக்கின்றன. அந்த வாசலுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு காவல்காரர் உண்டு. இப்போது தாத்தாதான் காவல். சிங்க உடலும் கழுகுத் தலையும் கொண்ட ஒரு குட்டி அந்தக் குளத்தில் மூழ்கப் போவதைப் பையன் காப்பாற்றுகிறான். அதைத் தேடி அந்தப் பக்கத்திலிருந்து மால் என்ற சிறுமி வருகிறாள். அவளைக் கொல்ல ஒருவன் துரத்தி வருகிறான். தீவுகளில் விலங்குகள் ஒவ்வொன்றாகச் செத்துக் கொண்டிருக்கின்றன. ஏன் என்று கண்டுபிடிக்க இரண்டு பிள்ளைகளும் புறப்படுகிறார்கள். மீதியை நாங்கள் சொல்ல மாட்டோம். வகுப்பிலேயே இன்னும் சொல்லி முடியவில்லை, பிரச்சினையே அதுதான்.

குரல் பதிவு வந்து இரண்டு நாளில் ஒரு வாப்பா பாடசாலைக்கு வந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை.

"கோபிக்க வேணாம் மிஸ். ஒங்கட நல்ல எண்ணம் எங்களுக்குத் தெரியும். ஆனா இந்த மந்திரம் மாயம் எல்லாம் புள்ளைகளுக்குத் தேவையா? நபிமார்ட சரித்திரம் இருக்கே, அதச் சொல்லலாமே. அதோட, முயலுக்கு மிஃராஜ் எண்டு பேராம். வீட்ட வந்து மகள் சொல்றா. எங்களுக்கு நெஞ்சு பதறிப் போச்சு."

அவர் பதறியதை நாங்கள் குறையாக நினைக்கவில்லை. ஐந்து வேளைத் தொழுகையோடு பிள்ளை வளர்க்கிற ஒருவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும். பிழை எங்களுடையது. கதை தொடங்க முன் பெற்றோருக்கு ஒரு துண்டாவது எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைச் செய்யும்போது சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்று கலாசாலையிலேயே படித்தோம், மறந்து போனோம். அதற்காக இங்கே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறோம்.

ஆனால் அந்த முயலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

புத்தகத்தில் அந்தத் தீவுகளின் விலங்குகளுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது, படங்களோடு. அதில் கொம்பு முளைத்த முயல் ஒன்று. பெயர் அல் மிஃராஜ். அது அந்த எழுத்தாளர் கற்பனை செய்து வைத்த பெயர் அல்ல, நம் மார்க்கத்தைக் கிண்டல் செய்ய வைத்ததும் அல்ல. நடுக்கால அரபு நூல்களில் வருகிற பெயர். இந்து சமுத்திரத்தில் ஒரு தீவு, அங்கே ஊராரை வதைத்த ஒரு பெரும் பாம்பு, இஸ்கந்தர் அதைக் கொன்றபோது மக்கள் நன்றியாகக் கொடுத்த பரிசுகளில் மஞ்சள் நிற முயல் ஒன்று, அதன் தலையில் ஒற்றைக் கறுப்புக் கொம்பு. 13ஆம் நூற்றாண்டில் ஸகரிய்யா அல் கஸ்வீனி எழுதிய "அஜாயிபுல் மக்லூகாத்", அதாவது படைப்புகளின் அற்புதங்கள், இப்படிப்பட்ட கதைகளைச் சேர்த்து வைத்த பெருநூல். கஸ்வீனி யார்? ஈராக்கில் வாஸித், ஹில்லா நகரங்களில் காழியாக இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் காதியார். காலையில் வழக்குத் தீர்த்துவிட்டு மாலையில் கொம்பு முயலைப் பற்றி எழுதிய காதியார் ஒருவர் நம் சரித்திரத்தில் இருந்திருக்கிறார்.

அவர் மட்டுமா? 10ஆம் நூற்றாண்டில் புஸுர்க் இப்னு ஷஹ்ரியார் என்ற பாரசீகக் கப்பல் தலைவர் பேரில் "அஜாயிபுல் ஹிந்த்" என்று கடலோடிகளின் கதைத் தொகுப்பு வந்தது. ஸரன்தீபும் அதில் இருக்கிறது, நம்முடைய இதே தீவு. சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் வந்து சேர்ந்ததும் இங்கேதான். யானையைத் தூக்கிப் போகும் ருக் பறவையை உலகத்துக்குக் கொடுத்ததும் அந்தக் கதைகள்தான். ஆங்கிலப் பிள்ளைகள் இன்று காசு கொடுத்து வாங்கும் அதிசய விலங்குகளில் ஒரு பங்கு நம் கடல் வழியாக, நம் மொழிக்காரர்கள் வாயால் போனது. அது திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் துரத்தி விட்டோம்.

அந்த வாப்பாவிடம் இதைச் சொன்னோம். கேட்டுக்கொண்டார். "அப்ப அது நம்மட கிதாபுலயே இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அது ஹதீஸ் கிதாப் இல்லை, கதைக் கிதாப் என்று தெளிவாகவே சொன்னோம். அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வாதமே. எது மார்க்கம், எது சரித்திரம், எது கதை என்று பிரித்தறியத் தெரிந்த பிள்ளைக்குக் கதை கெடுதி செய்யாது. கதையே கேட்காத பிள்ளைதான் வட்ஸ்அப்பில் வருகிற எல்லாவற்றையும் நம்புகிறது.

சூனியம் பற்றியும் ஒரு வார்த்தை. சூனியம் ஹராம் என்பதில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இந்தக் கதையில் எந்தப் பிள்ளையும் மந்திரம் படிப்பதில்லை, யாருக்கும் செய்வினை செய்வதில்லை. ஆனால் நம் ஊரில் வியாபாரம் படுத்தால், மகளுக்கு மாப்பிள்ளை அமையாவிட்டால், முட்டையும் நூலும் காசும் கொண்டு யாரிடம் போகிறோம்? போவது தரம் 6 பிள்ளைகள் இல்லை, வளர்ந்தவர்கள். அவர்கள் யாரும் கதைப் புத்தகம் வாசித்துக் கெட்டவர்களாகத் தெரியவில்லை. எங்கள் உம்மும்மாமார் புளியமரத்து ஜின் கதை சொல்லித்தான் எங்களைத் தூங்க வைத்தார்கள். அந்தக் கதை பயத்தை மட்டும் விட்டுப் போனது. இன்றைக்கும் எங்களில் ஒருவருக்கு இரவில் புளியமரத்தைக் கடக்கும்போது கால் வேகமாகும். யார் என்று சொல்ல மாட்டோம்.

இந்தப் புத்தகம் பிள்ளைகளுக்கு விட்டுப் போவது பயமல்ல, ஒரு வேலை. காவல் வேலை. கண்ணுக்குத் தெரியாத, தன்னைப் பற்றித் தானே பேச முடியாத ஒன்றுக்கு யாரோ ஒருவர் காவல் நிற்க வேண்டும், அது ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம் என்பதுதான் கதை முழுவதும் ஓடுகிற விஷயம். இது எங்கள் விளக்கம் மட்டுமல்ல. இதே எழுத்தாளர் இதற்கு முந்திய வருடம், 2022 இல், "த கோல்டன் மோல்" என்று பெரியவர்களுக்கு ஒரு புத்தகம் எழுதினார். அதில் கற்பனை விலங்கு ஒன்றும் இல்லை. எல்லாம் உண்மையான, அழிவின் விளிம்பில் நிற்கிற விலங்குகள். நம் காட்டில் இருக்கும் அழுங்கின் இனமும் அதில் ஒன்று. உண்மை விலங்குகளைப் பற்றி எழுதிய கையால்தான் அடுத்த வருடம் இந்தக் கதை வந்திருக்கிறது.

வகுப்பில் நடந்ததும் அதுதான். மூன்றாவது கிழமையே பிள்ளைகள் தீவுக்கூட்டத்தைக் கல்கிசைக்கு இழுத்து வந்து விட்டார்கள். மறைந்த உலகத்துக்கு வாசல் எங்கே என்று கேட்டதற்கு, "ஹோட்டலுக்குக் கீழ இருக்கிற சுரங்கம்" என்றான் ஒருவன். மவுண்ட் லவீனியா ஹோட்டல்தான். ஆளுநர் மெய்ட்லண்ட், நடனக்காரி லவீனியா, கிணற்றிலிருந்து மாளிகைக்குப் போகும் இரகசியப் பாதை என்ற அந்தப் பழைய கதையை இந்தப் பக்கத்தில் கேட்காத பிள்ளை இல்லை. சரி, அந்தச் சுரங்கத்தால் போனால் என்னென்ன விலங்கு இருக்கும், எழுதுங்கள் என்றோம். புத்தகத்தில் இருப்பது போலவே ஓர் அட்டவணை, நம் நாட்டுக்கு.

முதலில் வந்தது கபரகொய்யா. கொழும்புக் கால்வாய்ப் பிள்ளைகளுக்கு டிராகன் என்றால் அதுதான். பிறகு மட்டக்களப்பில் உறவினர் உள்ள பிள்ளை கல்லடிப் பாலத்துப் பாடும் மீனைக் கொண்டு வந்தது. இன்னொன்று காட்டில் நள்ளிரவில் பெண் அழுவது போலக் கத்தும் உலமா பறவை. "உலமா" என்று கரும்பலகையில் எழுதியதும் வகுப்பே சிரித்தது, ஜம்இய்யத்துல் உலமாவை நினைத்துக்கொண்டு. அது சிங்களப் பெயர், தன் குழந்தையை இழந்த தாய் காட்டுக்கு ஓடிப் பறவையானாள் என்பது கதை என்று விளக்கியதும் சிரிப்பு அடங்கி விட்டது. பறவை ஆய்வாளர்கள் பலர் அந்தக் குரலைக் காட்டில் வாழும் ஒரு பெரிய ஆந்தையினுடையது என்று கருதுகிறார்கள். ஆந்தை என்று சொன்ன பிறகும் பிள்ளைகளுக்கு அதன் மீது ஆசை குறையவில்லை, கூடியது.

கடற்கன்னியை யாரோ எழுதினார்கள். அங்கேதான் விஞ்ஞானப் பாடம் உள்ளே வந்தது. 1560 இல் மன்னாருக்குப் பக்கத்தில் மீனவர்கள் ஏழு கடல் மனிதர்களை, ஆணும் பெண்ணுமாக, பிடித்ததாகவும், கோவாவின் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியுடைய வைத்தியர் அவற்றை அறுத்துப் பார்த்து உள்ளும் புறமும் மனிதரைப் போல என்று சொன்னதாகவும் ஒரு பதிவு உண்டு. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861 இல் எழுதிய விலங்கியல் நூலில் இதை எடுத்துக் காட்டி, அது கடற்பசுதான் என்கிறார். நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அது. கடலடிப் புல்லை மேய்ந்து திரியும், மூச்சு விட மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும்.

ஆக, கடற்கன்னி பொய் இல்லை. பெயர்தான் பொய். அந்த விலங்கு மன்னார் வளைகுடாவில் இன்னும் இருக்கிறது, மிகக் கொஞ்சமாக. நம் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆனாலும் வலையில் சிக்குகிறது, டைனமைட்டில் சாகிறது, இறைச்சியாகி இரகசியமாக விலைபோகிறது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில், 2022 இல் தமிழ்நாட்டு அரசு 448 சதுரக் கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கு எல்லை தெரியாது, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போகும். இதன் பெரிய உறவு ஒன்று வடக்குப் பசுபிக்கில் இருந்தது, ஸ்டெல்லரின் கடற்பசு. 1741 இல் ஐரோப்பியர் கண்ணில் பட்டது, 1768க்குள் தின்று தீர்த்து விட்டார்கள். 27 வருடம். இதைச் சொன்னபோது ஒரு பிள்ளை, "அப்ப இப்ப அதுவும் கதைதானே டீச்சர்?" என்று கேட்டது. எங்களுக்குப் பதில் வரவில்லை.

இனி எங்கள் வாசலுக்கே வருவோம். கல்கிசைச் சந்தியிலிருந்து திரீவீலில் சற்று நேரம் போனால் அத்திடிய. அங்கே இருக்கும் சதுப்பு நிலம் 1990 இல் பெல்லன்வில அத்திடிய சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. வெள்ளம் வந்தால் நம் வீடுகளுக்குள் வர வேண்டிய தண்ணீரைத் தாங்கிக் கொள்கிற இடம். 2018 இல் உலகத்திலேயே முதன்முதலாக ராம்சார் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று, இப்படிப்பட்ட சதுப்புகளால்தான். ஆனால் நமக்கு அது குப்பை கொட்டுகிற இடம், மண் நிரப்பிக் காணி எடுக்கிற இடம். நம்மவர்களும் அதில் பங்காளிகள், மறைக்க ஒன்றுமில்லை.

கொழும்பைச் சுற்றிய சதுப்புகளில் ஒரு விலங்கு இருக்கிறது. இரவில்தான் வெளியே வரும். பூனை, ஆனால் வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு. உடம்பில் கறுப்புப் புள்ளி. பாதி இணைந்த விரல்கள், தண்ணீரில் இறங்கினாலும் தோல் நனையாத இரட்டை மயிர். பாய்ந்து மூழ்கி மீன் பிடிக்கும். மீன்பிடிப் பூனை என்று தமிழில், ஹந்துன் திவியா என்று சிங்களத்தில். ஆய்வாளர்கள் இந்த நகரத்துக்குள்ளேயே கமெரா வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள், கழுத்தில் ஜீ.பி.எஸ். பட்டி மாட்டிப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். உலக அளவில் ஆபத்துக்குள்ளாகக் கூடிய இனம். நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? கண்டாலும் "சிறுத்தைக்குட்டி வந்து விட்டது" என்று தடியை எடுப்போம்.

கதை சொல்லத் தொடங்கி இரண்டு மாதத்தில், திரீவீல் ஓட்டும் ஒரு வாப்பா சுபஹுக்குப் பிறகு அத்திடியப் பக்கம் ஹயருக்குப் போகும்போது வீதியில் அடிபட்டுக் கிடந்த ஒன்றைப் போனில் படம் எடுத்து வந்து, வீட்டில் "புலிக்குட்டி" என்று காட்டியிருக்கிறார். மகன் பார்த்துவிட்டு, "இது புலி இல்ல வாப்பா, மீன்பிடிப் பூனை. நம்மட அட்டவணையில 14ஆவது" என்றானாம். அன்று வகுப்பில் வேறு பாடம் நடக்கவில்லை. யார் அடித்தது, ஏன் அந்த இடத்தில் வீதியைக் கடக்கிறது, ஏன் விளக்கு இல்லை, வேகத்தடை போடச் சொல்லி யாருக்குக் கடிதம் எழுதுவது. தரம் 6 பிள்ளைகள் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதப் பழகியது அன்றுதான். பாடப்புத்தகத்தில் "உத்தியோகபூர்வக் கடிதம்" என்று ஓர் அலகு இருக்கிறது. இத்தனை வருடத்தில் அதை இவ்வளவு அக்கறையாக எழுதிய வகுப்பை நாங்கள் கண்டதில்லை.

இந்தப் பிள்ளைகள் ஏழு வயதாக இருக்கும்போது, 2021 இல், எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. கடற்கரையில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின, செத்த ஆமைகள் ஒதுங்கின. கொரோனாக் காலம், வீட்டுக்குள் இருந்து டீவியில் பார்த்தார்கள். "அப்ப யாரு டீச்சர் காவல்?" என்று இப்போது கேட்கிறார்கள். கதை இல்லாமல் அந்தக் கேள்வி வந்திருக்காது என்பது எங்கள் எண்ணம். பாடக் குறிப்பில் "சுற்றாடல் மாசடைதல்" என்று ஐந்து வரி எழுதிக் கொடுத்தால் மனனம் செய்து புள்ளி எடுப்பார்கள், அவ்வளவுதான். அதைப் பல வருடம் செய்து பார்த்து விட்டுத்தான் சொல்கிறோம்.

நபிமார் சரித்திரம் சொல்லலாமே என்ற அந்த வாப்பாவின் வார்த்தையையும் நாங்கள் தட்டிவிடவில்லை. அடுத்த கிழமையே சுலைமான் நபி அலைஹிஸ்ஸலாம் படையோடு வந்தபோது ஓர் எறும்பு தன் கூட்டத்தை எச்சரித்ததையும், அதைக் கேட்டு அவர் புன்னகைத்ததையும் சொன்னோம். எறும்பின் பேரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஓர் அரசர், ஒரு பெரும் படை, கீழே ஓர் எறும்பு. பிள்ளைகள் அதையும் அட்டவணையில் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். அது கதை அட்டவணை, இது வேறு இடம் என்றோம். அவர்களுக்கு உடனே புரிந்தது. பெரியவர்கள்தான் குழப்பிக் கொள்கிறோம்.

இப்போது நிலைமை இப்படி. குரல் பதிவுக்குப் பிறகு, முடிவெடுக்கும் வரை புத்தகம் அலுவலக அலுமாரியில் இருக்கட்டும் என்று சொல்லி விட்டார்கள். நாங்கள் அதை எதிர்க்கவில்லை. இன்னும் சில அத்தியாயங்கள்தான் மீதி. மால் என்ன ஆனாள் என்று தினமும் கேட்கிறார்கள். முடிவு கொஞ்சம் கனமானது, அதை அந்த வயதுக்கு எப்படிச் சொல்வது என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. ஒருவர் அப்படியே சொல்ல வேண்டும் என்கிறார், மற்றவர் கொஞ்சம் மெதுவாக்க வேண்டும் என்கிறார். அதையும் பெற்றோர் வந்து சொல்லலாம்.

வரும் வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு பெற்றோர் கூட்டம். புத்தகத்தை மேசையில் வைப்போம். ஆங்கிலம் வாசிக்கக் கூடியவர்கள் எந்தப் பக்கத்தையும் திறந்து பார்க்கலாம், வாசிக்க முடியாதவர்களுக்கு நாங்கள் தமிழில் சொல்கிறோம். மவ்லவி ஒருவரையும் அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரும் நீங்களும் பார்த்த பிறகும் வேண்டாம் என்றால், பெரும்பான்மைக்குக் கட்டுப்படுவோம். பார்க்காமல் வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு அத்திடிய சதுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். அதற்கு அனுமதிக் கடிதம் இந்த முறை முதலிலேயே வீட்டுக்கு வந்திருக்கும், கையொப்பமிட்டு அனுப்புங்கள். பழைய சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், தொப்பி. வாப்பாமார், உம்மாமார் யாராவது கூட வந்தால் உதவியாக இருக்கும். 38 பிள்ளைகளுக்கு நாங்கள் இரண்டு பேர். மீன்பிடிப் பூனையைக் காட்டுவோம் என்று சத்தியம் செய்ய முடியாது. நீலத் தாழைக்கோழியும் கபரகொய்யாவும் கட்டாயம்.